பால்கனியிலிருந்து கேட் வரை

ஜனவரி 9

அண்ணாவுக்கு,

ஃபோனில் பேசினால் நமக்குள் கத்தல்தான் வருகிறது. போன வாரம் நீ பாதியில் வைத்தாய். அதற்கு முந்தின தடவை நான் வைத்தேன். நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசுகிறாய், பின்னால் உன் பட்டறையில் யாரோ இரும்பு அறுக்கிறார்கள், நான் சொல்வதில் பாதி அந்தச் சத்தத்துக்கே போய்விடுகிறது. அதனால் இனிமேல் எழுத்துதான். எழுதிவிட்டால் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று நீயும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் ஒழுங்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். வீடு உன் பெயரில் இருக்கிறது. அம்மா இருக்கும்வரை மாடி அம்மாவுக்கு என்று அப்பா வாயால் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவோடு நானும் என் தையல் மெஷினும் மாடியில் இருக்கிறோம். மாடிக்கு இருப்பது ஒரே படி, அது கீழே அண்ணியின் ஹாலுக்குள் இறங்குகிறது. அந்தப் படியை மறைத்துச் சுவர் வைக்க வேண்டும் என்று அண்ணி சொல்கிறார்கள். தைக்க வருகிறவர்கள் ஹாலைத் தெருவாக்கிவிட்டார்களாம். பிள்ளைகள் படிக்க முடியவில்லையாம்.

இருக்கட்டும், அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ராத்திரி பகல் பாராமல் என் வீட்டு ஹாலில் ஆள் நடமாடினால் எனக்கும்தான் எரிச்சல் வரும். எனக்கு வெளியே ஒரு ஏணி சாத்தினால் போதும், ஏறி இறங்கிவிடுவேன். அம்மா என்ன செய்வாள்?

இடுப்பு ஆபரேஷன் ஆனபிறகு தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் கைத்தடியோடு மெதுவாக இறங்கி, தெருமுனை மருந்துக்கடை வரை போவாள். அந்தக் கடைப் பெண்ணிடம் எந்த மாத்திரையோடு எது சேரக் கூடாது என்று பாடம் எடுத்துவிட்டுத் திரும்புவாள். ஆயுசு முழுக்க வார்டில் நர்ஸாக நின்றவள். யாருக்காவது ஏதாவது சொல்லாவிட்டால் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. இப்போது அவளுக்கு இருக்கிற உலகம் அந்தத் தெருமுனை வரைதான்.

அதனால் என் நிபந்தனை ஒன்றே ஒன்று. அம்மா யார் கையையும் பிடிக்காமல் தானே இறங்கி ஏறுகிற மாதிரி வெளியே ஒரு படி வரட்டும். அது வந்தபிறகு சுவர் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஒரு செங்கல் வைக்கக் கூடாது.

தங்கை


ஜனவரி 22

வாயாடிக்கு,

கடிதம் வந்தது. பட்டறையில் எல்லோரும் கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்துவிட்டார்கள். படித்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அந்த மத்தளம் நான்தான். ஃபோனை எடுத்தால் உன் அண்ணி அழுகிறாள், வைத்தால் நீ எழுதுகிறாய். வெளியூரில் இத்தனை தொலைவில் உட்கார்ந்துகொண்டு நான் யாரைச் சமாதானப்படுத்துவது?

போகட்டும். ஊருக்கெல்லாம் இரும்புப் படி செய்து கொடுக்கிறவன் பெற்ற தாய்க்கு ஒரு படி செய்ய மாட்டேனா? செய்கிறேன். அம்மா தானே இறங்குகிற படியாகவே செய்கிறேன், என் வாக்கு. பால்கனியின் கம்பியை ஓரிடத்தில் அறுத்துவிட்டு, அங்கிருந்து நேராகக் கேட்டைப் பார்த்து இறக்கிவிடலாம். முன்பக்கம்தான் நமக்கு இடம் தாராளமாயிற்றே. தரையில் எவ்வளவு இடம் கிடைக்கிறதோ அவ்வளவு சாய்வாகப் படி வரும், முட்டிக்கும் இடுப்புக்கும் நோகாது.

இரண்டே இரண்டு அளவு அனுப்பு. ஒன்று, பால்கனித் தரைக்கும் நிலத்துக்கும் உள்ள உயரம். இன்னொன்று, பால்கனியிலிருந்து கேட் வரை எவ்வளவு என்பது. படியின் நீளத்தை உன்னால் அளக்க முடியாது, இன்னும் படியே இல்லையே. அதை நான் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துக்கொள்வேன்.

அம்மாவிடம் சொல், மகன் படி செய்கிறான் என்று.

அண்ணன்


பிப்ரவரி 3

அண்ணாவுக்கு,

சொன்னேன். "அவன் செஞ்சா நல்லாத்தான் செய்வான்" என்றாள். அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

அளவு எடுத்தாகிவிட்டது. என் டேப் ஐந்தடிதான், இடுப்பையும் தோளையும் அளக்கிற டேப் பால்கனியை எங்கே அளக்கும்? கெட்டி நூல் எடுத்தோம். நுனியில் கத்தரிக்கோலைக் கட்டிப் பால்கனியிலிருந்து கீழே விட்டு, அது மண்ணைத் தொட்டதும் நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். பிறகு நூலைத் தரையில் போட்டு டேப்பால் அளந்தேன். சரியாகப் பன்னிரண்டடி.

பால்கனியிலிருந்து கேட் வரை பதின்மூன்றடி. அம்மா மேலே நாற்காலியில் உட்கார்ந்து நூலின் நுனியைக் கைத்தடியால் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் கேட்டடியில் குனிந்து தொய்வில்லாமல் இழுத்துப் பிடித்தேன். இரண்டு தடவை அளந்தோம், இரண்டு தடவையும் பதின்மூன்றுதான். அண்ணி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அம்மாவும் பொண்ணுமா பட்டம் விடுறீங்களா?" என்று கேட்டார்கள். அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படி எப்போது வரும் என்று எழுது. சுவர் விஷயத்தில் அண்ணிக்கு அவசரம் அதிகமாகிக்கொண்டு வருகிறது. கொத்தனார் ஒருவர் வந்து ஹாலை அளந்துவிட்டுப் போனார். முதலில் படி, பிறகுதான் சுவர். இதை நீ உன் வாயால் அவர்களிடம் சொல்ல வேண்டும்.

தங்கை


பிப்ரவரி 19

வாயாடிக்கு,

பன்னிரண்டு, பதின்மூன்று. பிரமாதம். இவ்வளவு இடம் இருக்கும் என்று எனக்கு முன்னமே தெரியும், ஆனாலும் கேட்பது முறை. உன் அண்ணியிடமும் ஒரு வார்த்தை கேட்டேன். "டெய்லர் எடுத்த அளவு தப்பாவா இருக்கும்?" என்றாள். பார், உன் வேலைமேல் அவளுக்கு எவ்வளவு மரியாதை.

கணக்கைக் கேள், உனக்குப் பிடிக்காத பாடம். சுவர் ஒரு பக்கம், தரை ஒரு பக்கம், இரண்டும் மூலைமட்டத்துக்கு, அதாவது செங்கோணமாக, நிற்கின்றன. சாய்கிற படி மூன்றாவது பக்கம், அதுதான் எல்லாவற்றிலும் நீளம். பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கு, நூற்று நாற்பத்து நான்கு. பதின்மூன்றைப் பதின்மூன்றால் பெருக்கு, நூற்று அறுபத்தொன்பது. கூட்டினால் முந்நூற்றுப் பதின்மூன்று. எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் முந்நூற்றுப் பதின்மூன்று வருமோ அதுதான் படியின் நீளம். பதினேழடி எட்டு அங்குலம், மேலே ஒரு நூலளவு. அந்த நூலளவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அகலமான மிதிபலகை, வழுக்காத தகடு. அம்மா ஒரு கையில் மாத்திரைப் பையோடு இறங்கிவிடலாம்.

நானே வந்து பொருத்தியிருப்பேன். இங்கே ஒரு பள்ளிக்கூடத்துக் கூரை வேலை கழுத்தைப் பிடிக்கிறது. லாரியோடு நம் ஆள் ஒருவனை அனுப்புகிறேன், கெட்டிக்காரன். மாதம் பிறந்ததும் வந்து சேரும். சுவர் விஷயம் சொல்லிவிட்டேன். படி வருவது உறுதி என்றபிறகு நாலு நாள் முன்னே பின்னே ஆனால் என்ன? நீ அதற்கும் ஒரு கடிதம் எழுதாதே.

அண்ணன்


மார்ச் 12

அண்ணனுக்கு,

திங்கட்கிழமை சுவர் வைத்துவிட்டார்கள். வியாழக்கிழமை உன் படி வந்தது.

மேல்நுனியைப் பால்கனியில் சாத்தினார்கள். கீழ்நுனி கேட்டைத் தாண்டி, சாக்கடை மூடியைத் தாண்டி, நடுத்தெருவில் போய் உட்கார்ந்தது. கேட்டுக்கு வெளியே எட்டடி. ஸ்கூட்டரில் வந்த ஒருவர் நிறுத்தி, "ஏம்மா, தெருவுல போறவங்கல்லாம் உங்க மாடிக்கு வரணுமா?" என்று கேட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் இரண்டு பேர் ஏறியே விட்டார்கள். உன் கெட்டிக்காரன் தலையைச் சொறிந்துகொண்டு உனக்கு ஃபோன் போட்டான். நீ அவனிடம் பேசினாய். என்னிடம் கொடுக்கச் சொல்லவில்லை.

படியைப் படுக்கவைத்து மதில் ஓரமாகப் போட்டிருக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து அம்மா கீழே இறங்காத நாள்களை எண்ண ஆரம்பிக்கலாம், நான் எண்ணப் போவதில்லை. நானே பின்பக்கத்து மரஏணியில்தான் இறங்கிக் கடைக்குப் போய் வருகிறேன்.

மருந்துக்கடைப் பெண் கேட்டுக்கு வந்து, "அம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்று கத்திக் கேட்டாள். "ஒடம்பு நல்லாத்தான் இருக்கு, வழிதான் இல்ல" என்று அம்மா பால்கனியிலிருந்து பதில் சொன்னாள்.

முதலில் படி, பிறகு சுவர் என்று எழுதியிருந்தேன்.


மார்ச் 20

தங்கைக்கு,

அவன் ஃபோனில் சொன்ன அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. நீ தரையை அளக்கவில்லை. சாய்வை அளந்திருக்கிறாய். மேலிருந்து கீழே குறுக்காக நூல் பிடித்து, அதைப் பதின்மூன்று என்று எழுதி அனுப்பிவிட்டாய். நான் கண்டுபிடிக்க வேண்டிய பக்கத்தை நீ அளந்துவிட்டு, எனக்குத் தெரிய வேண்டிய பக்கத்தை விட்டுவிட்டாய். ஸ்கூல் பையன்கூடச் செய்யமாட்டான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இப்போது உன் கடிதம் அந்தக் கதையாக இருக்கிறது.

பதின்மூன்றுதான் சாய்வு என்றால் கணக்கு திரும்பிவிடும். நூற்று அறுபத்தொன்பதிலிருந்து நூற்று நாற்பத்து நான்கைக் கழி. இருபத்தைந்து. தரையில் இருப்பது ஐந்தடி. ஐந்தே ஐந்தடி! அது எப்படி ஐந்தடியாகும்? அப்பாவின் வேன் நின்ற இடம் அது. வேன் நிற்கும்போதே அதைச் சுற்றி நாம் சைக்கிள் ஓட்டியிருக்கிறோம். நீ இன்னொரு தடவை அளந்து பார்.

எதுவானாலும் ஆகிற வேலையைப் பார்ப்போம். சந்தைப்பக்கம் இருக்கிற வெல்டரிடம் பேசிவிட்டேன். பதின்மூன்றடிக்கு அறுத்து, மிதிபலகைகளைக் கழற்றித் திரும்ப மட்டம் பார்த்து வைப்பான். சாய்வு மாறினால் பலகை எல்லாம் கோணிக்கொள்ளும், அதனால் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எனக்கு எத்தனை நாள் வேலை வீண் என்று உனக்குத் தெரியுமா?

கொஞ்சம் செங்குத்தாக இருக்கும். பழகிவிடும்.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணனுக்கு,

படியை அறுத்து நிறுத்திவிட்டார்கள். இந்தத் தடவை கச்சிதமாகப் பொருந்திவிட்டது. உனக்குச் சந்தோஷம்தானே?

நான் அளந்ததைப் பற்றிப் பேசுவோம். ஆமாம், சாய்வைத்தான் அளந்தேன். பால்கனியிலிருந்து கேட் வரை எவ்வளவு என்று நீ கேட்டாய். பால்கனியில் ஒரு நுனி, கேட்டில் ஒரு நுனி. நான் டெய்லர். ஒரு பாவாடையின் நீளம் என்றால் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை துணி எப்படி விழுமோ அப்படித்தான் டேப்பைப் பிடிப்பேன். அம்மா எந்த வழியாக இறங்குவாளோ அந்த வழியாக நூலைப் பிடித்தேன். அந்தரத்தில் நேராகக் கீழே குதித்து, அப்புறம் தரையில் நடந்து கேட்டுக்குப் போகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா? உன் கணக்கில் இருக்கலாம்.

அதையும் நான் மறைத்து வைக்கவில்லை. பிப்ரவரி கடிதத்தை எடுத்துப் பார். அம்மா மேலே உட்கார்ந்து நுனியைப் பிடித்தாள், நான் கேட்டடியில் இழுத்துப் பிடித்தேன் என்று எழுதியிருக்கிறேன். மேலே என்று எழுதியிருக்கிறேன். நீ எண்களை மட்டும் பொறுக்கிக்கொண்டாய், மற்றதெல்லாம் வாயாடியின் வாய்தானே என்று விட்டுவிட்டாய்.

சரி, நான்தான் தப்பாக அளந்தேன், நீ ஏன் நம்பினாய்? முன்வாசல் பதின்மூன்றடி என்று யாராவது சொன்னால் சிரித்திருக்க வேண்டாமா? அப்பாவின் வேன் நின்ற இடம் இப்போது தெரு. சாலையை அகலப்படுத்தும்போது நம் முன்பக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். மதிலை உள்ளே தள்ளிக் கட்டும்போது நான்தான் வெயிலில் நின்றேன். அன்றைக்கே ஃபோனில் உனக்குச் சொன்னேன், நீ "ம்" கொட்டினாய். அதற்குப் பிறகு நீ இரண்டு தடவை ஊருக்கு வந்து போயிருக்கிறாய். அந்தக் கேட்டைத் திறந்துகொண்டுதான் வந்தாய். உன் வீட்டு வாசல் எவ்வளவு என்று உனக்குத் தெரியவில்லை. என்னை ஸ்கூல் பையனைவிட மோசம் என்கிறாய்.

அம்மா நேற்று முயன்று பார்த்தாள். "பழகிடும்னு அவன் சொல்றான்ல, பாக்கலாம்" என்றாள். மூன்று படி இறங்கினாள். நான்காவதில் நின்றுவிட்டாள். கீழேயும் போக முடியவில்லை, மேலேயும் திரும்ப முடியவில்லை. ஒரு பக்கம் மட்டும் இருந்த பிடிகம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். நான் ஏறிப் போய்ப் பின்னாலிருந்து இடுப்பைத் தாங்கி மேலே ஏற்றினேன். நாற்காலியில் உட்கார்ந்ததும், "இத ஏணின்னு சொல்லியிருந்தா நான் ஏறியே இருக்க மாட்டேன். படின்னு சொன்னீங்க" என்றாள். அண்ணா, எனக்கு அப்போது உன்மேல் வந்த ஆத்திரத்தை இந்தப் பேப்பரில் எழுத முடியாது.

இப்போது கேள். வெல்டர் நல்ல மனுஷன். அவனே வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னான். பால்கனி மூலையில்தானே இருக்கிறது, முன்பக்கம் இறக்காமல் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி இறக்கலாமே என்றான். சுவருக்கும் மதிலுக்கும் நடுவே உள்ள அந்த நடைவழி ஆறடி அகலம். நீளம், மோட்டார் அறை வரை, பதினாறடி. இந்தத் தடவை தரையோடு தரையாகத்தான் அளந்தேன், வெல்டர் மறுமுனையைப் பிடித்தான். உயரம் அதே பன்னிரண்டு. மூன்றாவது பக்கத்தை நீ கண்டுபிடி. அம்மாவால் இறங்க முடியுமா என்றும் கண்டுபிடித்து எழுது.

தங்கை


ஏப்ரல் 17

தங்கைக்கு,

இருபதடி. அதற்குப் பேப்பர் பேனாகூட வேண்டாம். நூற்று நாற்பத்து நான்கும் இருநூற்று ஐம்பத்தாறும் நானூறு. சொச்சம் இல்லாத கணக்கு. சாய்வும் நன்றாக இருக்கும், அம்மா தாராளமாக இறங்கலாம். இரும்பைப் பொறுத்தவரை எனக்கு ஒரு தடையும் இல்லை.

ஆனால் அந்தச் சுவரில்தான் சமையலறை ஜன்னல் இருக்கிறது. படி அதன் குறுக்கே போகும். உன் அண்ணியிடம் பேசினேன். பேசவில்லை என்று நினைக்காதே. "நாள் முழுக்க நான் நிக்கிற எடம் அது ஒண்ணுதான். அந்த வெளிச்சத்தையும் அடச்சிட்டு, உங்க தங்கச்சிகிட்ட வர்றவங்க செருப்ப என் மூஞ்சிக்கு நேரா பாத்துட்டு நான் சமைக்கணுமா?" என்று கேட்டாள். அவளும் மனுஷிதானே.

வேறு வழி யோசித்தேன். அம்மாவுக்கு அப்படி என்ன தினமும் வெளியே வேலை? மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி. அன்றைக்கு இரண்டு ஆளைப் பிடித்தால் நாற்காலியோடு தூக்கி இறக்கிவிடுவார்கள், நம் பட்டறையில் இதைவிடப் பெரிய பாரமெல்லாம் ஏற்றி இறக்குகிறோம். நடை பழகப் பால்கனியே போதும், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கட்டும். மருந்துக்கடைப் பெண்ணை மேலே வரச் சொன்னால் வரமாட்டாளா?

கொஞ்சம் பொறு. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும். உன் அண்ணி மனசு மாறும். நான் நேரில் வரும்போது பேசுகிறேன்.

அண்ணன்


மே 28

அண்ணனுக்கு,

அம்மா இறங்கிவிட்டாள்.

உன் பாரம் தூக்குகிற ஆள்களை நான் கூப்பிடவில்லை. உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன், முழுவதும். "பாரம்" என்ற இடத்தில் நிறுத்தினேன், மேலே படி என்றாள். படித்து முடித்ததும் கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "எறங்குறேன். ஆனா திரும்ப ஏற மாட்டேன். எங்கயாவது கீழ்த்தளமா ஒரு ரூம் பாரு" என்றாள்.

அச்சகத்துக்குப் பின்னால் ஒரு ரூம் கிடைத்தது. ஜன்னல் ஒன்று, வாசலுக்குப் படியே கிடையாது. பார்த்ததும் அதுதான் பிடித்தது.

இறங்கினது நேற்றுக் காலை. நிற்க முடியாது என்று அவளுக்கே தெரியும். முதல் படியில் உட்கார்ந்தாள். குழந்தைகள் இறங்குவது போல, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து நகர்ந்து வந்தாள். புடவையை முட்டியோடு இறுக்கிக் கட்டியிருந்தாள். நான் இரண்டு படி கீழே அவள் காலைப் பிடித்து வைத்துக்கொண்டே வந்தேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எத்தனை நோயாளிகளைக் கௌரவமாகத் தூக்கி உட்காரவைத்தவள், நம் அம்மா. அவளுக்கு இந்த நிலை.

அண்ணி ஜன்னலிலிருந்து, "பாத்து, பாத்து" என்றார்கள். வெளியே வரவில்லை. அம்மா அவர்களைப் பார்த்துத் தலையசைத்தாள். அம்மா அழவில்லை. நான்தான் ஆட்டோவில் அழுதேன். "ஏன்டி அழுற, நான்தான் எறங்கிட்டேனே" என்றாள்.

மாடிச் சாவியை அண்ணியிடம் கொடுத்துவிட்டேன். நீ நேரில் வரும்போது பேசுவதற்கு இனி அங்கே ஒன்றும் இல்லை.


ஆகஸ்ட் 6

வாயாடிக்கு,

மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. கோபம் இருக்கும், இருக்கட்டும். நீ கோபப்படாவிட்டால்தான் எனக்குப் பயமாக இருக்கும்.

ஒரு விஷயம் மற்றவர்கள் சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. மாடி சும்மாதானே கிடக்கிறது என்று உன் அண்ணி ஒரு குடும்பத்துக்கு வாடகைக்குப் பேசினாள். நல்ல மனிதர்கள். ஆனால் வந்து பார்த்ததுமே, அந்த முன்பக்கப் படியில் குடும்பம் நடத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அதை எடுத்துவிட்டுப் பக்கவாட்டில், சுவரை ஒட்டி, இருபதடிப் படி வைத்துவிட்டேன். நீ சொன்ன அதே இடம், அதே அளவு. நானே வந்து இரண்டு நாள் இருந்து பொருத்தினேன். மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல் இடைவெளிகூட இல்லை.

சமையலறை ஜன்னலைப் பற்றிக் கேட்பாய். கொஞ்சம் இருட்டுத்தான். உன் அண்ணி பகலிலும் விளக்குப் போட்டுக்கொள்கிறாள், பழகிவிட்டது.

உங்களை வந்து பார்க்கத்தான் நினைத்தேன். லாரி காத்துக்கொண்டிருந்தது, அன்றைக்கே திரும்ப வேண்டியதாகிவிட்டது. அச்சகம் வரை வந்தேன், உள்ளே வரவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

அம்மாவை ஒருநாள் கூட்டிக்கொண்டு வா. சும்மா ஏறிப் பார்க்கட்டும். மகன் செய்த படி எப்படி இருக்கிறது என்று அவளும் பார்க்க வேண்டாமா?

அண்ணன்


ஆகஸ்ட் 14

அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்துக்கும் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். அம்மா எழுதச் சொன்னாள்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டாமல் மறைத்துவிடலாம் என்று பார்த்தேன். உறையில் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டாள். வாசித்தேன். இருபதடி என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். பெற்ற தாய்க்கு முடியாது என்றீர்களே, வாடகைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் எப்படி முடிந்தது என்று வாய்விட்டே கத்தினேன். பக்கத்தில் அச்சு மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் வெளியே கேட்டிருக்காது. ஏறிப் பார்க்கட்டுமாம். நீ இதை எழுதிவிட்டு ஒரு தடவை திரும்பப் படித்துப் பார்த்தாயா?

அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தூங்கிவிட்டாளோ என்றுகூட நினைத்தேன். அப்புறம் கேட்டாள்:

"குடி வந்திருக்கவங்க வீட்ல வயசானவங்க யாராச்சும் இருக்காங்களா?"

எனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"இருந்தா, ரெண்டு பக்கமும் பிடிகம்பி வைக்கச் சொல்லி எழுது. ஒரு பக்கம் மட்டும் வச்சா எறங்கும்போது பத்தாது. எனக்கு செஞ்சதுல அவன் ஒரு பக்கந்தான் வச்சிருந்தான்."

எழுதிவிட்டேன்.